அப்பீலில் உடையாத தீர்ப்பு

நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த பிரிவுபசாரக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் சொன்னார்கள். நான் எழுதிய தீர்ப்புகள் அப்பீலில் உடைந்ததில்லையாம். முன்சீப்பாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தானாம். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே இளம் வழக்கறிஞர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, தங்கள் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். "உங்களால மறக்க முடியாத ஒரு தீர்ப்பைப் பத்தி எழுதுங்க சார்." மூன்று வருடம் ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தேன். இப்போது எழுதுகிறேன். மலரில் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

எங்கள் குடும்பத்துக்கு நிலம் கிடையாது. அத்தா கடற்கரையோர ஊர் ஒன்றில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். மாமன்மார்கள் கப்பலேறிப் போனார்கள், நான் சட்டம் படிக்கப் போனேன். டெல்டாவில் அந்த நாளில் ஒருவன் பண்ணைக்காரனாக இருப்பான், அல்லது பண்ணையில் வேலை செய்பவனாக இருப்பான். இரண்டும் இல்லாத எங்களைப் போன்றவர்கள் நடுவில் நின்று துணி விற்றோம். முன்சீப் தேர்வில் தேறியதும் அத்தா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "யாரு பக்கமும் சாஞ்சேன்னு யாரும் சொல்லக் கூடாது. நம்ம ஆளுங்க மேல அதைச் சொல்றது ரொம்ப சுலபம்." அதை நான் வாழ்நாள் முழுக்கக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எதற்காகப் பிடித்துக்கொண்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பயிற்சி ஓராண்டு. சாட்சியம் பதியவும், டிக்ரி வரையவும், பெஞ்ச் கிளார்க்கிடம் ஏமாறாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். முதல் பணி, குத்தாலத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு சிறு ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

கழக ஆட்சி வந்து, குத்தகைதாரர்களைப் பதிவு செய்ய வேண்டும், கூலி ஏற்ற வேண்டும், உச்சவரம்புக்கு மேல் யாரும் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. சென்னையில் எழுதிய சட்டம் வயல்வரப்பு வரைக்கும் வருவதற்குள் பண்ணைகள் தயாராகிவிட்டன. எங்கள் ஊர் மிராசுதார் தன் நிலத்தில் பாதியை ஒரு கல்வி அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றினார். அந்த அறக்கட்டளைக்குப் பள்ளிக்கூடம் எதுவும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் தோளில் கிடந்த துண்டின் கரையும் மாறியது. ஆளுங்கட்சிக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தார். மறுபுறம் சிவப்புக் கொடி நட்ட சேரிகளில் அறுவடைக்கு அறுவடை மறியல், அடிதடி, கேஸ்.

நான் பொறுப்பேற்ற முதல் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குத்தாலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கூலித் தகராறில் மறியல், பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மற்றவர்களைப் போல நானும் இறங்கி வரப்பு வழியாக நடந்தேன். தாகம் தாங்காமல் ஒரு களத்தில் ஒதுங்கினேன். அங்கே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தூற்றிய நெல்லைக் குவித்திருந்தார். காதில் சிவப்புக் கடுக்கன் போட்ட ஒரு ஆள் மரக்காலால் அதை அளந்துகொண்டிருந்தார். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று, ஒன்றுக்குப் பதில் லாபம் சொல்லி, ராகம் போட்டு எண்ணினார். மிராசுதார் பெயர் எழுதிய சாக்குகளில் நெல் போனது.

நான் தண்ணீர் கேட்டதும் அந்தப் பெண் தயங்கினார்.

"எங்க வூட்டுத் தண்ணிங்க."

"எங்களுக்கு அதெல்லாம் இல்லம்மா. குடுங்க."

குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கடுக்கன்காரரிடம் கேட்டார். "இந்தத் தடவையாவது ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுங்களேன். அவரு செத்தப்புறம் மூணு போகம் அளந்துட்டேன். குத்தகை அளந்தேன்னு ஒரு வரி போதுங்க."

"சீட்டை வச்சு நீ என்ன படிக்கவா போற?" என்று அவர் சிரித்தார். சாக்கைத் தைத்து வண்டியில் ஏற்றினார். அவ்வளவுதான். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன். யாரிடமும் நான் முன்சீப் என்று சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அந்த அறக்கட்டளை என் கோர்ட்டில் வழக்குப் போட்டது. பிரதிவாதி வேம்பு, மாரிமுத்துவின் மனைவி. தங்கள் நிலத்தில் அத்துமீறி நுழைகிறார், நிரந்தரத் தடை வேண்டும் என்பது பிராது. தான் குத்தகைதாரர், கணவர் காலத்திலிருந்து சாகுபடி செய்வதாக வேம்பு பதில் கொடுத்திருந்தார். குத்தகைதாரர் என்று நிரூபித்துவிட்டால் அவரை யாரும் அசைக்க முடியாது. ஆனால் நிரூபிக்க வேண்டியது அவர்.

பெயர்களை வைத்து எனக்கு எதுவும் தெரியவில்லை. வாதி தரப்பு முதல் சாட்சியாக அறக்கட்டளையின் காரியஸ்தர் கூண்டில் ஏறினார். காதில் சிவப்புக் கடுக்கன். திரும்பிப் பார்த்தேன். பிரதிவாதி பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரதிவாதியிடமிருந்து நீங்க எப்பவாவது நெல் வாங்கியிருக்கீங்களா?" என்று வேம்புவின் வழக்கறிஞர் ராஜமாணிக்கம் குறுக்கு விசாரணையில் கேட்டார்.

"கிடையாது. அந்தம்மா பண்ணையில கூலிக்கு வரும். கூலி குடுத்திருக்கோம். நெல்லு வாங்கினதில்லை."

சத்தியப் பிரமாணம் எடுத்துச் சொன்ன பொய். அதை என் கையால் பதிவு செய்தேன்.

அப்போது எங்கள் மாவட்ட நீதிபதியாக இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று வரை அவரைப் போல வேலை தெரிந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆய்வுக்கு வரும்போது ஒரு கருங்காலி ரூல் தடியை உடன் கொண்டுவருவார். தீர்ப்பின் ஒவ்வொரு வரிக்கும் கீழே அதை வைத்து நகர்த்திப் படிப்பார். பிடிக்காத சொல் வந்தால் பென்சிலால் இரண்டு தட்டு. குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு ஜீவனாம்ச வழக்கில் 'அந்த ஏழைப் பெண்' என்று எழுதியிருந்தேன். பென்சில் தட்டியது. "ஏழைங்கிறது எந்த எக்ஸிபிட், மிஸ்டர்?" என்று கேட்டார். அதைக் காட்டும் ஆவணம் எதுவும் வழக்கில் தாக்கலாகியிருக்கவில்லை. "தீர்ப்புல உங்க வாசனை இருக்கக் கூடாது. படிக்கிறவனுக்கு இதை எழுதினது யாருன்னே தெரியக் கூடாது" என்றார். அன்றைக்கு அது எனக்கு வேதவாக்காகத் தோன்றியது. என் பெயரும் என் கடைக்கார வம்சமும் தெரியாமல் போக எனக்கு அதைவிட நல்ல வழி கிடைக்காது.

காரியஸ்தர் சாட்சி சொன்ன வாரம், சனிக்கிழமை மாலை மாவட்ட நீதிபதியின் பங்களாவுக்குப் போனேன். வராந்தாவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுளையிலும் ஒட்டியிருந்த வெள்ளை நாரைப் பொறுமையாகப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். தலை நிமிராமல் கேட்டார்.

"நீங்க பாத்தது யாருக்குத் தெரியும்?"

"அந்தம்மாவுக்குத் தெரியும் சார். அடையாளம் கண்டுக்கிட்டாங்க."

"அவங்க தரப்புல ஏதாவது மனு போட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப ரெண்டு வழி இருக்கு. நான் கேஸை வேற கோர்ட்டுக்கு மாத்திடறேன், நீங்க கூண்டுல ஏறிப் பாத்ததைச் சொல்லலாம். இல்ல, பாத்ததை மறந்துட்டு ரெக்கார்டுல இருக்கறதை வச்சு எழுதலாம். பாத்ததை மனசுல வச்சுக்கிட்டுத் தீர்ப்பு எழுதறது மட்டும் கூடாது."

அடுத்த சுளையை எடுத்துக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"கூண்டுல ஏறினா என்ன கேப்பாங்கன்னு யோசிச்சுக்குங்க. மறியல் நடந்த அன்னைக்கு முன்சீப்புக்கு அந்தக் களத்துல என்ன வேலைன்னு கேப்பாங்க. சங்கத்துக்காரங்களோட என்ன பழக்கம்னு கேப்பாங்க. உங்க பேரை வச்சும் கேப்பாங்க. உங்களுக்கு ப்ரொபேஷன் எப்ப முடியுது?"

"வர்ற ஆவணியில சார்."

"ம்" என்றார். சுத்தம் செய்த ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அவர் என்னைத் தடுத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு வழிகளையும் நேராகத்தான் காட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் யோசித்ததெல்லாம் என்னைப் பற்றித்தான். அத்தாவின் வார்த்தை வசதியாக நினைவுக்கு வந்தது. யார் பக்கமும் சாயாமல் இருப்பது என்றால் கூண்டில் ஏறாமல் இருப்பது என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

விசாரணை தொடர்ந்தது. ஊர்க் கணக்குப்பிள்ளை அடங்கலைக் கொண்டுவந்து காட்டினார். யார் நிலத்தில் யார் பயிர் செய்கிறார்கள் என்று வருடா வருடம் எழுதுகிற கணக்கு அது. எல்லா வருடமும் 'சொந்தச் சாகுபடி' என்று இருந்தது. எல்லா வருடமும் ஒரே பேனா, ஒரே மை. கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் ராஜமாணிக்கம் அதைக் கேட்கவில்லை. அவருக்கு அந்த மாதம் பாதி நாள் மறியல் கேஸ்களிலேயே போய்விட்டது. வேம்புவுக்காகச் சாட்சி சொன்ன இரண்டு கூலிக்காரர்கள் மேல் அடிதடி வழக்கு இருந்தது. மிராசுதாருக்கு விரோதிகள் என்று அவர்களை ஒதுக்க வாதி வழக்கறிஞருக்குப் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

கடைசியாக வேம்பு கூண்டில் ஏறினார். வாதி வழக்கறிஞர் கேட்டார்.

"குத்தகை அளந்ததுக்கு ரசீது இருக்கா?"

"கேட்டேங்க. குடுக்கல."

"நீ அளந்ததை வெளியாளு யாராவது பாத்தாங்களா?"

வேம்பு என்னைப் பார்த்தார். "பாத்தவங்க இருக்காங்க."

"யாரு? பேரைச் சொல்லு."

"பேரு தெரியாதுங்க. பாத்தவங்களுக்கே தெரியும்."

வழக்கறிஞர்கள் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. அமைதி என்று டவாலி குரல் கொடுத்தார். 'பார்த்தவர் பெயர் தெரியாது என்கிறார்' என்று எழுதினேன். எழுதி முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். அதுதான் இன்று வரை எனக்கு ஆச்சரியம்.

தீர்ப்பில் 'பிரதிவாதி தன் கூற்றுக்கு ஆதாரமாக விருப்பு வெறுப்பற்ற சாட்சி ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை' என்று எழுதினேன். வழக்கு வாதிக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அடுத்த ஆய்வில் மாவட்ட நீதிபதி அந்தத் தீர்ப்பை ரூல் தடி வைத்துக் கடைசி வரி வரை படித்தார். பென்சில் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. "சுத்தமா இருக்கு" என்றார். ஆவணியில் என் பணி உறுதியானது.

அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருடம். சப் ஜட்ஜ், மாவட்ட நீதிபதி, பிறகு உயர் நீதிமன்றம். அதைப் பற்றியெல்லாம் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பெரிய வழக்குகள் நிறையப் பார்த்தேன். மந்திரிகளின் வழக்குகள், கட்சி மாறியவர்களின் வழக்குகள், கோயில் நிலத்தைத் தின்றவர்களின் வழக்குகள். எதிலும் நான் யாரென்று தெரியாதபடி எழுதினேன். நல்ல பெயர் வந்தது.

வேம்பு சும்மா இருக்கவில்லை. சப் கோர்ட்டில் அப்பீல் போட்டுத் தோற்றார். உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது அப்பீல் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார். அந்தத் தடையின் பலத்தில் அத்தனை வருடமும் அதே வயலில் நாற்று விட்டார், நட்டார், அறுத்தார். காவிரியில் தண்ணீர் வராத வருடங்களிலும் விடவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த அப்பீல் கட்டோடு கட்டாகத் தூங்கிக் கிடந்து, ஒரு திங்கட்கிழமை என் பட்டியலில் வந்து விழுந்தது.

எண் கூப்பிட்டதும் ராஜமாணிக்கம் எழுந்தார். முழுக்க நரைத்திருந்தார்.

"மை லார்ட், எங்க கட்சிக்காரர் ராத்திரி ரயிலேறி வந்திருக்காங்க. உங்க முன்னால வந்திருக்குன்னு சொன்னதும் அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

கடைசி வரிசையில் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

கீழ்க் கோர்ட்டில் தீர்ப்பு எழுதியவரே அப்பீலைக் கேட்க முடியாது. சட்டம் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

"அசல் வழக்குல தீர்ப்பு எழுதினது நான்தான். என் முன்னால வேண்டாம். வேற நீதிபதி முன்னால வைக்கட்டும்."

ராஜமாணிக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். வாசலருகே அவர் அந்தம்மாவுக்கு விளக்குவது தெரிந்தது. வேம்பு திரும்பத் திரும்ப ஏதோ கேட்டார். மகள் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நான் அடுத்த எண்ணைக் கூப்பிடச் சொன்னேன்.

விலகியபோது, ஏன் விலகுகிறேன் என்பதோடு, களத்தில் பார்த்ததையும் பதிவில் எழுதியிருக்க முடியும். நீதிபதியாக எழுத முடியாவிட்டாலும், மனிதனாக ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்க முடியும். அதை யாரும் தடுக்கவில்லை. முதல் தடவை விலகியிருந்தால் வேம்புவுக்குப் பயன்பட்டிருக்கும், அப்போது நான் நீதிபதி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை விலகியது எனக்கு மட்டுமே பயன்பட்டது.

அப்பீலை வேறொரு நீதிபதி எடுத்தார். இரண்டு கீழ்க் கோர்ட்டுகளும் ஒரே முடிவுக்கு வந்திருக்கும்போது அதில் தலையிட முகாந்திரம் இல்லை என்று தள்ளுபடி செய்தார். அந்த உத்தரவில் என் தீர்ப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் போட்டிருந்தார். மறுநாள் மதிய உணவின்போது, "உங்க ஜட்ஜ்மென்ட் எங்க வேலையை சுலபமாக்கிடுச்சு" என்று என்னிடம் சொன்னார். நன்றி என்றேன்.

ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டு, ஒரு கல்யாணத்துக்காக மயிலாடுதுறை போனேன். மறுநாள் காரை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். வயல் இல்லை. மஞ்சள் அடித்த மனைக்கற்கள் வரிசையாக நின்றன. மிராசுதாரின் தாயார் பெயரில் ஒரு நகர். வாய்க்கால் இருந்த இடத்தில் சிமெண்ட் சாலை. டீக்கடையில் விசாரித்தேன். வேம்பு சீர்காழிப் பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மகள் சத்துணவு அமைப்பாளர். வீட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

வேம்பு என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னார். மகள் செல்வி டீ போட உள்ளே போனார். நான் தயார் செய்துகொண்டு வந்ததையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் உங்களுக்காகச் சாட்சி சொல்லியிருக்கணும்மா."

அவர் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்.

"வக்கீலய்யாகிட்ட நான் அப்பவே சொன்னேங்க, இவருதான் பாத்தவருன்னு. 'ஜட்ஜைப் போயி சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அவரு மனசுல இருக்கும், நல்லபடியா எழுதுவாரு, நீ பேசாம இரு'ன்னாரு. பேசாம இருந்துட்டேன்."

"என் மேல கோவம் இல்லையா?"

"இருந்துச்சுங்க. நாத்து நடப் போறப்பல்லாம் நெனப்பேன். ஒரு பத்து வருசம் இருக்கும். அப்புறம் உங்க முன்னாலயே கேஸு வருதுன்னதும் அதெல்லாம் போயிடுச்சு. புதுச் சேலை கட்டிக்கிட்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கப்புறம் கோவப்படத் தெம்பு இல்லீங்க" என்றார்.

செல்வி டீயைக் கொண்டுவந்து வைத்தார். என்னைப் பார்க்காமலே அம்மாவிடம், "அதைக் கேளும்மா. வந்திருக்காங்கல்ல" என்றார்.

வேம்பு தயங்கினார். செல்வியே சொன்னார். முதியோர் உதவித்தொகைக்கு மூன்று தடவை எழுதிப் போட்டாகிவிட்டது. நிலத்துக்காக ஹைகோர்ட் வரைக்கும் போன பொம்பளைக்கு நிலம் இல்லை என்று எப்படி எழுதுவது என்று வி.ஏ.ஓ. திருப்பித் திருப்பிக் கேட்கிறார். தெரிந்த பெரிய அதிகாரி யாராவது எழுதிக் கொடுத்தால் சேர்த்து அனுப்புகிறேன் என்றாராம்.

செல்வி நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, பள்ளிக்கூடத்துப் பேனாவோடு என் முன்னால் வைத்தார். மாரிமுத்துவின் மனைவி வேம்பு என்பவருக்குச் சொந்தமாகவோ குத்தகையாகவோ எவ்வித நிலமும் இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

"பதவியையும் போட்டுடுங்க சார். அப்பதான் எடுப்பாங்க" என்றார் செல்வி.

ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி என்று கீழே எழுதினேன். வேம்பு தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மையைக் காயவிடுவது போல லேசாக ஊதினார்.

"ஐயா எழுதினா செல்லும்தானே?"

"செல்லும்" என்றேன்.